விலையை முன்னறிவிக்கும் கணினி: கமக்காரர் கவனிக்க வேண்டியவை



எதனைப் பயிரிடுவது, எப்பொழுது பயிரிடுவது, விளைந்ததை எப்பொழுது விற்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை வருங்காலத்திலேயே இருக்கின்றது. இன்று தக்காளி நாற்றை நடுபவர் இன்றைய விலைக்கு விற்பதில்லை. இரண்டு மூன்று மாதங்களின் பின்னர் நிலவும் விலைக்கே விற்கின்றார். அவ்விலையை முன்கூட்டியே மதிப்பிடவல்ல கணினி முறைகள் இப்பொழுது தோன்றியுள்ளன. அவற்றை எவ்வளவுக்கு நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்பது பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

காலத்தொடர் என்பது யாது?

ஒரு பொருளை ஒழுங்கான இடைவெளியில் அளந்து வரிசையாக எழுதிய எண்கள் காலத்தொடர் எனப்படும். நாள்தோறும் பெய்த மழையின் அளவு, குளத்தின் நீர்மட்டம், தம்புள்ளைச் சந்தையில் ஒரு கிலோ போஞ்சியின் விலை ஆகியன இத்தகையன. இவ்வெண்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்போக அறுவடை சந்தைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் நெல்விலை இறங்குவதை நீங்கள் அறிவீர்கள்.

முன்னர், ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியே கணக்கு அமைத்து முன்னறிவிப்பர். அதற்குப் பல ஆண்டுப் பதிவுகள் வேண்டும். இப்பொழுது வந்துள்ள முன்பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகளோ பல துறைகளுக்குரிய எண்ணற்ற தொடர்களை முன்னரே கற்றவை. பல ஊர்களிற் கமஞ்செய்து பழகிய ஒருவர், புதிய ஊரின் சில மாத விலைகளைப் பார்த்தே அடுத்த மாத நிலையை ஓரளவு ஊகிப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

2024 ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம் வெளியிட்ட குரோனோஸ் என்னும் மாதிரி, எண்களைச் சொற்களைப் போலக் கருதி, ஒரு வாக்கியத்தின் அடுத்த சொல்லை ஊகிப்பது போன்று அடுத்த எண்ணை ஊகிக்கின்றது. அதே ஆண்டில் கூகிள் நிறுவனம் வெளியிட்ட டைம்ஸ் எஃப்.எம். என்னும் மாதிரி ஏறத்தாழ 10,000 கோடி எண்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அவ்வெண்களிற் பெரும்பகுதி, மக்கள் இணையத்தில் எவற்றைத் தேடினர், விக்கிப்பீடியாப் பக்கங்களை எத்தனை முறை பார்த்தனர் என்பன பற்றியவை. ஆகவே, இத்தகைய மாதிரிகள் ஏற்ற இறக்கத்தின் பொதுவான போக்கை அறிந்தனவேயன்றி, உங்கள் வயலையோ சந்தையையோ அறிந்தனவல்ல.

நடு எண்ணை மாத்திரம் பாராதீர்கள்

நல்ல முன்னறிவிப்பு ஒரு விலையை மாத்திரம் கூறாது. குறைந்த எல்லையையும் கூடிய எல்லையையும் கூறும். உதாரணமாக, பத்துக் கிழமைகளின் பின்னர் தக்காளி கிலோ 180 ரூபாவாகலாம் என்றும், பத்தில் எட்டுத் தடவை அது 90 ரூபாவுக்கும் 320 ரூபாவுக்கும் இடைப்பட்டிருக்கும் என்றும் கூறப்பட்டதாகக் கொள்வோம். உங்கள் செலவு கிலோவுக்கு 120 ரூபா எனின், 180 என்னும் எண் இலாபத்தைக் காட்டும். 90 என்னும் எண் கடனைக் காட்டும். நகையை அடைவுவைத்து நடுபவர் பார்க்க வேண்டியது குறைந்த எல்லையையே. முன்னறிவிக்கும் காலம் நீள நீள இவ்வெல்லைகளும் அகன்றுகொண்டே போகும்.

எங்கே பிழைக்கும்?

முதலாவதாக, முன்னெப்போதும் நிகழாததை அது அறியாது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் விளைவு பெரிதும் குறைந்து, அரிசி விலை உயர்ந்தது. பழைய விலைகளை மாத்திரம் கற்ற எந்த மாதிரியும் இதனை முன்னறிவித்திருக்க இயலாது.

இரண்டாவதாக, மழையை முன்னறிவிப்பதனால் மழை மாறுவதில்லை. விலையை முன்னறிவித்தாலோ விலையே மாறக்கூடும். பீற்றூட்டுக்கு நல்ல விலை வருமென்று பலரும் கேட்டுப் பலரும் அதனையே விதைத்தால், அறுவடையின்போது விலை விழும். முன்னறிவிப்பு எவ்வளவு பரவுகின்றதோ அவ்வளவுக்கு அது பொய்க்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை

1. ஒரு கொப்பியில் உங்கள் சந்தை விலையைக் கிழமைதோறும் ஒரே நாளில், ஒரே தரத்துக்கு எழுதி வாருங்கள். ஒழுங்கற்ற பதிவிலிருந்து நல்ல முன்னறிவிப்பு வராது.

2. முன்னறிவிப்புக் கிடைத்த அன்றே அதனைத் திகதியுடன் குறித்து வைத்து, பின்னர் உண்மை விலையை அருகில் எழுதுங்கள்.

3. சென்ற ஆண்டு அதே கிழமையில் நிலவிய விலையையும் பக்கத்திற் குறியுங்கள். அவ்வெளிய கணக்கைவிட முன்னறிவிப்பு உண்மைக்கு அண்மையாக வராவிடின், அதற்குப் பணங் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு போகங்களேனும் இவ்வாறு சோதியுங்கள்.

4. மரக்கறி அழியும் பொருள்; காத்திருந்து விற்க இயலாது. ஆகவே ஒரு முன்னறிவிப்பை நம்பி நிலம் முழுவதிலும் ஒரே பயிரை நடாது, இரண்டு மூன்று பயிர்களாகப் பிரித்து, சில கிழமை இடைவெளி விட்டு நடுங்கள்.

5. நெல்லை வைத்திருக்க எண்ணுவோர், ஈரப்பதன் நூற்றுக்கு 14 க்கு மேற்படாது உலர்த்திய பின்னரே களஞ்சியப்படுத்த வேண்டும். எதிர்பார்க்கும் விலையேற்றம், களஞ்சியச் செலவையும் கடன் வட்டியையும் மிஞ்சுகின்றதா என்று கணக்கிட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

6. உங்கள் பகுதியில் எப்பயிர் எவ்வளவு நிலத்தில் நடப்பட்டுள்ளது என்பதை விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும் கேட்டறியுங்கள். பழைய விலைகளை மாத்திரம் பார்க்கும் மாதிரிக்கு இது தெரியாது.

கணினி கூறுவது கடந்தகாலத்தின் கணக்கு. அதனை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அதன்மேல் உங்கள் குடும்பத்தின் முழுப் பிழைப்பையும் ஏற்றிவிடவும் வேண்டாம். பிழைத்துவிட்டால் நட்டத்தை ஏற்பது கணினியன்று, நீங்களே. ஆதலின், தாங்கக்கூடிய நட்டம் எவ்வளவு என்பதை முதலில் தீர்மானித்து, அதன் பின்னரே முன்னறிவிப்பைப் பாருங்கள்.