கொட்டியாருக்கு வந்தவனும் மூதூரிலிருந்து போனவளும்



‘அயல்நாட்டில் தனிவழிப் பயணமும் முன்பின் தெரியாத மனிதரும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். கேட்டவுடன் உங்களுக்கு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் முதுகுப்பையோடு திரிகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். அவர்களை விட்டுவிடுவோம். அவர்களுக்கு அறை இருக்கிறது, ஓட்டோ இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. நான் பேச வந்தது நமது கொட்டியார்க் குடாவுக்கு வந்து மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றி.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புது மரம் போடத்தான் கொட்டியாரில் நங்கூரமிட்டார்கள். 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் மகனையும் கூட வந்தவர்களையும் பிடித்தார்கள். மொத்தம் 16 பேர். அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மூதூர்ப் புளியமரத்தடிக் கதை நமக்கெல்லாம் பாடம். மகன் ரொபர்ட் நொக்ஸ், வயது 19. தகப்பனுக்கும் அதே பெயர். அதனால் கதை சொல்கிறவர்கள் இன்றும் தகப்பனையும் மகனையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்.

அரசன் இவர்களைச் சிறையில் போடவில்லை. தகப்பனையும் மகனையும் தவிர மற்றவர்களை ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டான். சோறு போடுவது ஊராரின் கடமை, முறைவைத்துப் போட்டார்கள். இந்த இடம் முக்கியம். 16 பேரும் ஒன்றாக இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுதே காலத்தைக் கழித்திருப்பார்கள். தனித்துப்போனதால்தான் பக்கத்து வீட்டுக்காரனோடு கதைக்க வேண்டி வந்தது, சிங்களம் நாக்கில் ஏறியது.

அந்நியர் எல்லோரும் நல்லவர் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. 1661 பெப்ரவரியில் தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மகனும் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தான். பிணத்தைத் தூக்க ஆள் கேட்டபோது ஊரார் அனுப்பியது மாடு கட்டுகிற கயிறு. கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துப் போ என்றார்கள். தீட்டுப் பயம். அதை அவனே எழுதிவைத்திருக்கிறான். அதே நாட்டு மக்களைப் பற்றித்தான் பிறகு அத்தனை பரிவோடும் எழுதினான்.

பிழைக்க என்ன செய்தான்? தொப்பி பின்னி விற்றான். நெல் கடன் கொடுத்தான். அறுவடைக்கு ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினான். (சிரிக்காதீர்கள், நாட்டு வழக்கமே அதுதான்.) ஒருநாள், முன்பு பறங்கியரோடு இருந்து பழகிய ஒரு கிழவர், கையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இவனுக்கு உதவுமா என்று காட்டினார். திறந்து பார்த்தால் பைபிள்! மீன் பிடித்துக்கொண்டிருந்தவன் தூண்டிலைப் போட்டுவிட்டு எழும்பினான். விலை, பின்னிய தொப்பி ஒன்று.

பிறகு தோழன் ஸ்டீபன் ரட்லண்டோடு வடக்கு நோக்கி வியாபாரம் போனான். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான். சாமான் விற்பது சாக்கு. வழி பார்ப்பதுதான் வேலை. வறண்ட நாட்டுத் தண்ணீர் காய்ச்சலைக் கொடுக்க, ஊர்ச்சனம் ஒரு மருந்து சொல்லிக்கொடுத்தது: உலர்ந்த கஞ்சா இலையை இடித்துச் சர்க்கரையோடு காலையும் மாலையும் வெறுவயிற்றில் சாப்பிடு என்று. யாரும் வீட்டில் போய்ச் செய்து பார்க்க வேண்டாம்! 1679 ஒக்டோபரில் மல்வத்து ஓயாவோடு காட்டுவழியே நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். பத்தொன்பதரை வருடம்.

ஒருவன் தகப்பனுக்குக் கயிறு அனுப்பினான், ஒருவர் பைபிள் கொண்டுவந்தார், ஒருவன் சோறு போட்டான், ஒருவன் மருந்து சொன்னான். நொக்ஸ் தப்பியது இவர்களில் ஒரு நல்லவனால் அல்ல, பலர் இருந்ததால். ஒரு வீடு கதவைச் சாத்தினால் அடுத்த வீடு திறந்திருந்தது. தனியாகப் போவதில் அவ்வளவு ஆபத்து இல்லை ஐயா. போன இடத்தில் ஒரே ஒரு வீட்டை மட்டும் நம்பிக் கிடப்பதில்தான் ஆபத்து.

இதைச் சொல்லிவிட்டு மூதூரின் இன்னொரு பயணத்தைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை. பெயர் வேண்டாம், இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். 1988இல் பிறந்த பிள்ளை, கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். போய்ச் சில வாரங்களுக்குள் அந்த வீட்டுக் குழந்தை அவள் கையில் இருந்தபோது இறந்தது. பால் புரையேறியது என்றாள் அவள். கொலை என்றார்கள் வீட்டுக்காரர்கள். முதல் வாக்குமூலத்தின்போது பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இல்லை. மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுதியானவரா என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனையை நிறைவேற்றினார்கள்.

நொக்ஸ் பேச்சுப் பழக ஒரு கிராமம் முழுக்க இருந்தது. இந்தப் பிள்ளைக்கு நான்கு சுவர். படலைக்கு வெளியே ஒரு கிழவி, ஒரு கடைக்காரன், கூடத் தமிழ் பேசுகிற ஒரு பெண், எவரையும் பார்த்துப் பழக அவளுக்கு நாளும் கிடைக்கவில்லை, வழியும் கிடைக்கவில்லை. அரசன் பிடித்த கைதிக்கு இருந்த சுற்றம் சம்பளத்துக்குப் போன பிள்ளைக்கு இல்லை. இதைக் கேட்டு நமக்கு வெட்கம் வர வேண்டும். அனுப்பியவர்களுக்கு அதைவிட அதிகமாக வர வேண்டும்.

இன்றும் இந்த மாவட்டத்திலிருந்து பெண்கள் போகிறார்கள். பலர் திரும்பியும் வந்திருக்கிறார்கள். அரபு பேசுவார்கள். எந்த வீட்டுக்காரி பசியறிந்து சோறு வைத்தாள், எவள் போனைப் பறித்தாள், ஆஸ்பத்திரியில் எந்தத் தாதி இரகசியமாக நம்பர் எழுதிக் கொடுத்தாள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நொக்ஸ் 1680இல் லண்டன் திரும்பியபோது, ராயல் சொசைட்டியின் ரொபர்ட் ஹூக் என்ற பெரிய விஞ்ஞானி அவனோடு கூட நின்று, முன்னுரையும் எழுதி, அடுத்த வருடமே இலங்கை பற்றி அவன் எழுதிய புத்தகத்தை வெளிக்கொண்டு வந்தார். கிண்ணியாவில் திரும்பி வந்து தையல் மெஷினில் குந்தியிருக்கிற பெண்ணின் முன்னால் நம்மில் எந்த எழுத்தாளன் கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்தான்?

தலைவர் அவர்களே, அடுத்த வருடமும் இதே தலைப்பை வையுங்கள். பேச என்னைக் கூப்பிட வேண்டாம். அவர்களில் மூன்று பேரைக் கூப்பிடுங்கள். மூதூரிலிருந்து வருகிறவருக்கு பஸ் காசும் கொடுங்கள்.