நீலக் கல்நாரும் நாசமான ஊரும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸைப் பற்றியாகும். உங்களில் அநேகர் வீட்டுத் தாழ்வாரத்தின்மேல் அதன் ஓடு கிடக்கும். கல்லாகவும் இருந்து, பஞ்சுபோல நூலாகவும் பிரியக்கூடிய இந்த வஸ்து நெருப்பில் வேகாது என்பதனால் உலகமே ஒரு காலத்தில் அதைக் கொண்டாடிற்று. அதைத் தோண்டியெடுத்த ஒரு ஊர் என்ன கதியாயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்னும் செம்மண் பிரதேசத்தில் விட்டனூம் என்று ஒரு ஊர் இருந்தது. அங்கு மலையிடுக்கில் கிடைத்தது நீலக் கல்நார். கல்நார்களில் மகா கொடியது அதுதான். 1930-களில் லாங் ஹான்காக் என்பவர் தோண்ட ஆரம்பித்தார். 1943-ல் சி.எஸ்.ஆர். என்னும் சர்க்கரைக் கம்பெனியின் கிளை ஸ்தாபனம் அதை எடுத்துக்கொண்டது. (சர்க்கரை காய்ச்சுகிறவனுக்குக் கல்நாரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பணம் எங்கே தித்தித்தாலும் முதலாளிக்கு அது சர்க்கரைதான்.) 1947-ல் ஊர் கட்டினார்கள். யுத்தத்திற்குப் பின் இத்தாலி முதலிய தேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அதில் அநேகர். சுரங்கம் நடந்த காலமெல்லாம் சேர்த்து சுமார் 7,000 பேர் அங்கு வேலை செய்தார்கள்.

ஆலையில் நாரைப் பிரித்தபின் மிஞ்சிய சக்கையை என்ன செய்தார்கள் தெரியுமா? செம்மண் புழுதி அடங்கட்டுமென்று ரஸ்தாவிலும், வீட்டு வாசலிலும், பள்ளிக்கூட மைதானத்திலும், குதிரைப் பந்தயத் திடலிலும் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். குழந்தைகள் அதில் மணல்வீடு கட்டி விளையாடின. புருஷன் தூசியும் தும்புமாக வருவான். பெண்ஜாதி அவன் சட்டையை உதறித் துவைப்பாள்.

அத்தூசி தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தைத்துக்கொண்டால் கரையாது, வெளியேயும் வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷங்கூட சும்மா கிடந்து, பிறகு நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் புற்றுநோயாகக் கிளம்பும். மீஸோதெலியோமா என்று அதற்குப் பெயர். சுரங்கத்தின் பக்கமே எட்டிப் பாராத பெண்களும், அங்கு குழந்தையாய் இருந்தவர்களும் இதனால் மாண்டிருக்கின்றார்கள்.

இதை அவர்கள் தலையெழுத்து என்று சொல்லுவோரும் உண்டு. எழுத்து இருந்தது வாஸ்தவந்தான். ஆனால் அது தலையில் இல்லை, சர்க்கார் தஸ்தாவேஜில் இருந்தது! கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று கண்டு 1931-லேயே இங்கிலாந்தில் சட்டம் செய்தாய்விட்டது. 1948-ல் எரிக் செயின்ட் என்னும் டாக்டர் விட்டனூமைப் பார்த்துவிட்டு, இங்கே பெரும் நோய் விளையப் போகின்றது என்று சுகாதார இலாகாவுக்கு எழுதினார். 1962-ல் மெக்நல்டி என்னும் டாக்டர் அவ்வூர்த் தொழிலாளி ஒருவருக்கு வந்த அந்தப் புற்றுநோயை வைத்தியப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். அப்பொழுதும் சுரங்கம் நிற்கவில்லை. 1966-ல் மூடினார்களே, அது எதற்காக? ஜனங்கள் சாகின்றார்களே என்றா? இல்லை, லாபம் கட்டவில்லை என்று!

மூடிய பிறகுதான் சாவு பெருகிற்று. அவ்வூரில் உழைத்தும் வசித்தும் இருந்தவர்களில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று கணக்குச் சொல்லுகின்றார்கள். 1988-ல் கோர்ட்டில் தொழிலாளர் தரப்பு ஜெயித்தது. தீர்ப்பு வந்தபோது, அதைக் கேட்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

2006-ல் மின்சாரத்தை நிறுத்தினார்கள். 2007-ல் ஊர் என்ற பெயரையே சர்க்கார் எடுத்துவிட்டது. அப்படியும் போகமாட்டோம் என்றவர்கள் சிலர். அவர்களில் கடைசியாக இருந்தவரை 2022-ல் வெளியேற்றி, பின்பு மிச்சமிருந்த வீடுகளை இடித்தார்கள். சக்கை மட்டும் போகவில்லை. சுமார் 30 லட்சம் டன் அந்த மலையிடுக்கில் குவிந்து கிடக்கின்றது. மழை பெய்தால் ஓடையில் இறங்குகின்றது. 46,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் நுழையாதே என்று பலகை நட்டிருக்கின்றார்கள். அது யாருடைய நிலம்? வெள்ளைக்காரன் வருமுன்பே அங்கு வாழ்ந்த பஞ்சிமா என்னும் ஆதிக்குடிகளின் நிலம். சக்கையை அப்புறப்படுத்தித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள்.