எங்கள் தோட்டத்தில் பங்குனி மாதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். பள்ளிக்கூடத்தில் ஒருதரம் பேச்சுப்போட்டிக்கு ஏறி, ரெண்டு வரி சொல்லிவிட்டு அழுதுகொண்டே இறங்கினவள். அதனால் இன்றைக்குத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். என்ன பேசுவதென்று தலைவி அக்காவிடம் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசு கண்ணு" என்றார். எனக்குத் தெரிந்தது எங்க தோட்டமும் கட்டுத்தரையும்தான். அதிலேயும் பங்குனி மாசத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்குது. அதைச் சொல்றேன்.

எங்க தோட்டம் பல்லடத்துக்குத் தெற்கே இருக்குது. நாலு ஏக்கர். ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் சோளத்தட்டும் மக்காச்சோளமும். வரப்பில் மூணு புளியமரம், வாசலில் ஒரு வேப்பமரம். மாமா, அத்தை, நாங்க ரெண்டு பேர், ரெண்டு பிள்ளைகள். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலை நம்பின நிலம். திருமூர்த்தி அணையிலிருந்து நாலு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணி விடுகிறார்கள் என்பது உங்க எல்லாருக்கும் தெரியும். நம்ம மண்டலத்துக்கு முறை இல்லாத வருஷம் என்றால் கிணறும் போரும்தான் கதி.

பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம் படிச்சோமே, ஞாபகம் இருக்குதுங்களா? மாசியும் பங்குனியும் பின்பனிக் காலமாம், சித்திரையும் வைகாசியும் இளவேனிலாம். அதை எழுதினவங்க பங்குனி மத்தியானம் நம்ம களத்தில் வந்து நின்று பார்க்கலை போலிருக்குது. இங்கே மாசி மகம் கழிந்ததுமே வெயில் ஏறிவிடுகிறது.

வெடியால நாலரைக்கு எந்திரிப்பேன். வாசல் கூட்டி, சாணி தெளிச்சு, கோலம் போட்டு, கட்டுத்தரைக்குப் போய் சாணி அள்ளி, மாட்டுக்குத் தட்டுப் போட்டு, பால் கறந்து, ஆறரைக்குள் சொசைட்டியில் ஊத்தணும். வந்து பிள்ளைகளுக்குச் சோறாக்கி அனுப்பினால் மணி எட்டரை. அதுக்கப்புறம்தான் பங்குனி வேலை ஆரம்பிக்கும். மற்ற மாசத்தில் இந்த வேலைகள் கிடையாது.

முதல் வேலை புளி. மரம் ஏறி உலுக்குவது ஆம்பளைங்க. அது ஒரு நாள் வேலை. பொறுக்கி, காய வைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டு மண்பானையில் அடைப்பது நாம. அது ஒரு மாச வேலை. கொட்டையைக்கூட வீணாக்க மாட்டோம். யாவாரி வந்து எடை போட்டு வாங்கிக்கொண்டு போவார். அந்தக் கொட்டை மாவு தறிநூலுக்குப் பசை போடவும் ஆகும் என்பது நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வெயிலை வீணாக்காமல் செய்கிற வேலை. மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், சுண்டைக்காய் வத்தல், வடாம். வேப்பம்பூ உதிர ஆரம்பித்ததும் மரத்தடியில் பழைய சேலையை விரித்துவிடுவார் எங்க அத்தை. காலையில் அள்ளி, தூசி போகப் புடைத்து, நிழலில் உலர்த்தி வைத்தால் சித்திரைக் கனிக்கும் ஆச்சு, வருஷம் பூராவும் ரசத்துக்கும் ஆச்சு. நடுவில் மாரியம்மன் நோம்பி வரும். சாட்டிவிட்டால் வெளியூர் போய் ராத் தங்கக் கூடாது. விடியறதுக்கு முன்னால குளிச்சு, ஈரச் சேலையோடு போய்க் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தணும். மாவிளக்குக்கு மாவு இடிக்கணும். வீடு வெள்ளையடிக்கணும். விருந்தாளிகள் வருவாங்க. இதோடு பிள்ளைகளுக்கு முழு ஆண்டுப் பரீட்சையும் அதே மாசம்.

இவ்வளவு செய்தும், கடன் மனுவில் "தொழில்" என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லைங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று நானே சொன்னேன். நம்மில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்போம்! ஒரு பயிற்சியில் மேடம் ஒரு கணக்குச் சொன்னாங்க. 2019-ல் இந்திய அரசு ஒரு நாள் நேரத்தை யார் எப்படிச் செலவு பண்றாங்க என்று கணக்கெடுத்ததாம். வீட்டு வேலை செய்கிற பெண்கள் சராசரியா ஒரு நாளைக்கு 299 நிமிடம் செய்யறாங்க, செய்கிற ஆண்கள் 97 நிமிடம். சமையலும் கூட்டறதும் துவைக்கிறதும் மாதிரி வேலைதான் அந்தக் கணக்கு. கட்டுத்தரையும் காடும் அதில் சேராது. 2023 செப்டம்பர் 15-ல் நம்ம அரசு மாசம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைஞ்சுது. அன்றையிலிருந்து "சும்மா" என்கிற வார்த்தையை விட்டுவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னால் எங்க குழுவில் வங்கிக் கடன் வாங்கினோம். என் பங்குக்கு 60,000 ரூபாய். ஒரு சிந்து மாடு பிடிச்சேன். மாசத் தவணை 3,000. ஐப்பசியில் வாங்கின மாடு, ரெண்டு நேரமும் சேர்த்து 10 லிட்டர் கறந்துது. தை வரைக்கும் தவணை ஒரு நாள் தவறினதில்லை. கூட்டத்தில் முதல் ஆளாகப் பணத்தை எண்ணி வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் வாய்க்கால் முறை நமக்கு இல்லை. மாசிக் கடைசியில் கிணறு வத்திப்போச்சு. போரில் கால் மணி நேரம் தண்ணி வந்தால் ஒரு மணி நேரம் நிறுத்தணும். பச்சைத் தீவனம் காய்ந்துபோச்சு. தட்டு விலைக்கு வாங்கினோம். கறவை மாட்டுக்கு வெயில் காலத்தில் 60, 70 லிட்டர் தண்ணியாவது வேணும். அதைக் குடத்தில் சுமந்து ஊத்தினேன். வெயிலுக்கு மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், தீனி எடுக்காது. பால் 10-லிருந்து 5 லிட்டருக்கு வந்துது. தீவனத்துக்கும் தண்ணி லாரிக்கும் போக, கையில் மிச்சம் ஒண்ணுமில்லை.

பங்குனித் தவணை கட்ட முடியலை. அன்றைக்குக் கூட்டத்துக்குப் போகலை. காய்ச்சல் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த கூட்டத்துக்கு விருந்தாளி வந்திருக்காங்க என்றேன். ரெண்டும் பொய். சித்திரைத் தவணையும் நின்றது. மாட்டை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துது. பங்குனியில் மாடு விற்கப் போனால் என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் விற்கிற மாசம் அது. பாதி விலைதான் கேட்டாங்க. வழியில் குழுக்காரங்களைப் பார்த்தால் வேற சந்தில் திரும்பிப் போவேன்.

ஒரு நாள் பொழுதோட வாசலில் புளி குமிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எங்க ஊக்குநர் அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் வந்தாங்க. எனக்குக் கை கால் ஓடலை. மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தவணையைக் கேட்டுவிடுவாங்களோ என்று பயம். அவங்க ஒண்ணும் கேட்கலை. "என்ன அம்மிணி, இன்னும் இத்தனை கிடக்குது" என்று சொல்லிக்கொண்டே சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பிச்சாங்க. அரை மணி நேரம் நோம்பி பேச்சும் பிள்ளைகள் பரீட்சைப் பேச்சும்தான். மாமா எழுந்து போனதுக்கப்புறம்தான் அக்கா மெதுவாக, "காய்ச்சல் தேவலையா கண்ணு?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன்.

சொன்ன பிறகு கூட வந்த ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் கம்மலை அடகு வெச்சுத்தான் பங்குனித் தவணை கட்டினேன்" என்றார். அந்த அக்கா வீட்டிலும் கறவை பாதியாச்சாம். எங்களுக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் அக்கா நேராகவே கேட்டார். எங்க குழுவில் 14 பேர். அதில் 6 பேர் மாட்டுக் கடன். அந்த 6 பேருக்குமே அந்த ரெண்டு மாசம் முட்டுப்பாடு. ஒருத்தர் தாய் வீட்டில் கேட்டு வாங்கியிருக்கார், ஒருத்தர் வட்டிக்காரரிடம் வாங்கிக் கட்டியிருக்கார். வட்டிக்குப் போகக் கூடாது என்றுதானே நாம் குழுவே ஆரம்பித்தோம்! ஒரே மாசத்தில், ஒரே காரணத்தால், ஆறு பேரும் தனித்தனியாக மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் இன்றைக்கும் நடக்கிறது. வங்கித் தவணை மாசா மாசம் போயே ஆகணும். அதை நாம மாத்த முடியாது. ஆனால் நமக்குள்ளே மாத்திக்கொள்ளலாம். ஆவணியிலிருந்து தை வரைக்கும் ஆறு மாசம், தீவனம் இருக்கிற காலம், பால் இருக்கிற காலம். அப்போது மாட்டுக்கடன்காரங்க மாசம் 500 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். அது ஆளுக்கு 3,000 ஆகும். அதற்குப் பேர் கோடைப் பணம். குழுக் கணக்கிலேயே தனிப் பக்கம் போட்டு எழுதி வைக்கிறோம். பங்குனிக்கும் சித்திரைக்கும் அவங்க கையிலிருந்து 1,500, கோடைப் பணத்திலிருந்து 1,500. வங்கிக்கு முழுத் தவணை போய்ச் சேர்ந்துவிடும். அந்த முதல் வருஷம் மட்டும் எனக்கு நின்ற 6,000 ரூபாயைக் குழு நிதியிலிருந்து உள்கடனாகக் கொடுத்தாங்க. வீட்டுக்குப் போக மிச்சமிருந்த புளியில் 30 கிலோவைக் கிலோ 120 ரூபாய்க்குக் கொடுத்து, அந்த 3,600-ஐ முதலில் கட்டினேன். மீதியை ஆவணிக்குள் தீர்த்தேன். மாட்டை விற்கலை. இப்போது அதன் கிடேரிக் கன்றும் சினையாக இருக்குது.

ஒரு வருத்தத்தையும் சொல்லணும். எங்க குழுவிலேயே ஒரு தங்கச்சி, எனக்கு ஒரு வருஷம் முன்னால், இதே பங்குனியில் கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனாள். அப்போது நானும் சேர்ந்துதான், "வாங்கும்போது தெரியலையா" என்று பேசினேன். யாரும் அவள் வாசலில் போய் உட்காரலை. அவள் மாட்டை விற்றுக் கடனைக் கட்டிவிட்டு, குழுவைவிட்டு விலகிவிட்டாள். இப்போது கோழிப் பண்ணையில் கூலிக்குப் போகிறாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கக்கா" என்றாள். திரும்பக் குழுவில் சேர இன்னும் மனசு வரலை அவளுக்கு.

அதனால் நான் இந்தக் கூட்டமைப்பில் கேட்டுக்கொள்வது மூணு விஷயம். ஒவ்வொரு குழுவும் தை மாசக் கூட்டத்திலேயே, யார் வீட்டில் என்ன வரும்படி, எந்த மாசம் முட்டும் என்று உட்கார்ந்து பேசி எழுதி வைக்கணும். தறிக்காரங்களுக்கு ஒரு மாசம், கோழிப் பண்ணைக்காரங்களுக்கு ஒரு மாசம், மாட்டுக்காரங்களுக்கு ஒரு மாசம் முட்டும். ரெண்டாவது, கோடைப் பணம் மாதிரி ஏதாவது ஒரு ஏற்பாட்டை நல்ல மாசத்திலேயே ஆரம்பிக்கணும். மூணாவது, யாராவது ரெண்டு கூட்டம் வரலை என்றால், நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீங்க. வெறுங்கையோடு போங்க. அந்த வாசலில் என்ன வேலை கிடக்குதோ அதைக் கொஞ்ச நேரம் கூடச் செய்யுங்க. அப்புறம் கேளுங்க.

இந்த வருஷமும் புளி உலுக்கியாச்சு. எங்க வாசலில் குமிஞ்சு கிடக்குது. யார் வந்தாலும் உட்கார இடம் இருக்குது, காபியும் உண்டு. தப்பாகப் பேசியிருந்தால் மன்னிச்சுக்குங்க.