காலத்தின் வாசலும் ஆலையின் வாசலும்

(மூலக்குளத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடவு முடித்து, கை கால் கழுவிக்கொண்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு டெலிவிஷன் கதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால், "இதற்கா எங்களைக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கூலியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கட்டுக்கதை எதற்கு? கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்தக் கதை பிறந்தது அமெரிக்காவில். ஆனால் அதன் நடுநாயகமாக இருப்பது ஒரு கஞ்சித் தொட்டி.

1967 ஏப்ரல் 6-ம் தேதி, "ஸ்டார் டிரெக்" என்ற தொடரில் அது ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் ஹார்லன் எல்லிசன். காலத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு நகரம் என்பது தலைப்பின் பொருள். இன்று நம் பிள்ளைகள் அதைக் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டு நம்மிடம் வந்து கேட்ட கேள்விதான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

கதை இதுதான். விண்வெளிக் கப்பலின் டாக்டர் மெக்காய், தவறுதலாக மருந்து ஏறிப் புத்தி பேதலித்து, ஓர் அந்நியக் கிரகத்தில் நிற்கும் கல் வளையத்துக்குள் பாய்ந்துவிடுகிறார். அந்த வளையம் கடந்த காலத்துக்குப் போகும் வாசல். அவர் பாய்ந்த மறுகணமே மேலே நின்ற கப்பல் மறைந்துவிடுகிறது. சரித்திரம் எங்கேயோ அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்யக் கேப்டன் கிர்க்கும் அவருடைய துணைவர் ஸ்பாக்கும் பின்னாலேயே பாய்கிறார்கள். போய் விழுந்த இடம் 1930-ம் வருஷத்து நியூயார்க்!

1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்ததும் ஆலைகள் மூடப்பட்டன. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. ரொட்டிக்கும் சூப்புக்கும் மைல் கணக்கில் வரிசை. அப்படிப்பட்ட ஒரு கஞ்சித் தொட்டியை ஈடித் கீலர் என்ற பெண் நடத்துகிறாள். நட்சத்திரங்களுக்கிடையே கப்பலோட்டியவர்களுக்கு அவள் துடைப்பத்தைக் கொடுத்து வேலையும் தருகிறாள். மணிக்கு 15 சென்ட், நாளுக்கு 10 மணி நேரம். கணக்குப் பாருங்கள், நாள் முழுவதும் உழைத்தால் ஒன்றரை டாலர்! தருமம் செய்கிறவளிடம்கூட வேலைநாள் 10 மணி என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எழுதியவர் கவனித்தாரோ என்னவோ!

கிர்க் அவளைக் காதலிக்கிறான். ஸ்பாக் உண்மையைக் கண்டுபிடிக்கிறான். உள்ளபடி நடந்த சரித்திரத்தில் அவள் 1930-லேயே ஒரு தெரு விபத்தில் இறந்தவள். டாக்டர் அவளைக் காப்பாற்றிவிட்டால், அவள் பெரிய சமாதான இயக்கத்தை நடத்துவாள். 1936-ல் ஜனாதிபதியையே சந்திப்பாள். அமெரிக்கா யுத்தத்துக்கு வருவது தாமதமாகும். ஹிட்லர் முதலில் அணுகுண்டு செய்து உலகத்தை வெல்வான். ஆகையால் அவள் சாக வேண்டும். கடைசியில் லாரி வருகிறது. காப்பாற்ற ஓடும் டாக்டரைக் கிர்க்கே கட்டிப்பிடித்துத் தடுத்துவிடுகிறான்.

நம் பக்கத்துக் கூத்தில் கர்ண மோட்சம் பார்க்காதவர்கள் இங்கே யார்? பெற்ற தாய் குந்தி ஒரு பக்கம், சோறு போட்ட துரியோதனன் ஒரு பக்கம். நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் விடாதே என்று தாய் கேட்கிறாள், கொடுக்கிறான், சாகிறான். விடிய விடிய உட்கார்ந்து அழுகிறோம். கிர்க்கின் கதையும் அந்த ஜாதிக் கதைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கர்ணன் கொடுத்தது தன் உயிரை. கிர்க் கொடுப்பது இன்னொருத்தியின் உயிரை.

இனி நம் 1936-க்கு வருவோம். அந்த வருஷம் ஜூலை 30-ம் தேதி, புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிகள் சுட்டன. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு வருஷம், 1937-ல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பிள்ளைகள் கேட்ட கேள்வி இதுதான்: "அந்தக் கல் வளையம் நம் ஊர் ஆலை வாசலில் திறந்து, நீங்கள் ஜூலை 29 இரவுக்குப் போனால், அந்தப் பன்னிரண்டு பேரைத் தடுப்பீர்களா? தடுத்தால் எட்டு மணி நேரம் போய்விடுமே!"

தோழர்களே, இந்தக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. அவர்கள் செத்ததனால்தான் எட்டு மணி நேரம் வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. அது உண்மையா? மூன்று ஆலைகளின் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு நின்றதனால் வந்தது. அதே 1936-ல் பிரான்சிலேயே மக்கள் முன்னணி சர்க்கார் அமைந்து, ஜூன் மாதம் அங்கே வாரத்துக்கு 40 மணி நேர வேலைச் சட்டம் நிறைவேறியதனாலும் வந்தது. பாரிஸ் தொழிலாளிக்குக் கிடைத்ததைப் பாண்டிச்சேரித் தொழிலாளி கேட்டான். பதிலாகத் தோட்டா வந்தது. தோட்டா வராமலே சட்டம் வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும். அந்த மரணங்களை விலை என்று எழுதுவது கொன்றவனுடைய கணக்குப் புத்தகம்.

ஆகையால் வளையம் திறந்தால் போவோம். போய்த் தடுப்போம். தொழிலாளியை அல்ல, துப்பாக்கியை. கதையில் அந்த லாரியை ஓட்டியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே ஓட்டியவன் யார் என்று நமக்குத் தெரியும்.

கதாசிரியரிடம் நமக்கு இன்னொரு வழக்கும் உண்டு. அமெரிக்கா கொஞ்சம் தாமதித்தால் ஹிட்லர் ஜெயிப்பான் என்கிறார். 1941 டிசம்பரில், அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய அதே நேரத்தில், ஜெர்மன் படை மாஸ்கோ வாசலிலிருந்து ஏற்கெனவே பின்வாங்கிக்கொண்டிருந்தது. 1943 பிப்ரவரி 2-ம் தேதி ஸ்டாலின்கிராடில் சரணடைந்தது. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கியதோ 1944 ஜூனில்தான். சோவியத் ஜனங்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் மாண்டார்கள். கதையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. மேலும், வியட்நாமில் அமெரிக்கக் குண்டுகள் பொழிந்த 1967-ல், சமாதானம் பேசுகிறவள் செத்தால்தான் உலகம் பிழைக்கும் என்று ஒரு கதை சொன்னால், அது யார் காதில் எப்படி விழுந்திருக்கும்?

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாசிசத்தின் முன்னால் வெறும் சமாதானப் பேச்சு போதாது என்று கதை சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த வாசலில் நம் முன்னோர்களே நின்றிருக்கிறார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின் மீது பாய்ந்த பிறகு, இந்தியக் கம்யூனிஸ்டுகள் இதை மக்கள் யுத்தம் என்றார்கள். 1942 ஆகஸ்டில் நாடு "வெள்ளையனே வெளியேறு" என்று எழுந்தது. ஒரு பக்கம் உலகத்தின் விடுதலை, ஒரு பக்கம் சொந்த நாட்டின் விடுதலை. சொந்த ஜனங்களே ஏசினார்கள். அந்த ஏச்சில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அன்று நின்றவர்களுக்குப் பிந்திய வருஷங்களின் பத்திரிகையைக் காட்ட ஒரு ஸ்பாக் இருக்கவில்லை. இருட்டில் நின்று முடிவு செய்தார்கள். கிர்க்குக்குக் கிடைத்த வசதி எந்த மனிதனுக்கும் கிடைத்ததில்லை.

அவ்வளவு ஏன், இந்த வில்லியனூர் வட்டாரத்தையே பாருங்கள். 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறிற்று. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை. ஆறே மாதம்! பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்வந்த சொல்தாக்கள் இந்த மண்ணில் உண்டு. பென்ஷன் அங்கே, பங்காளி இங்கே. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவனைத் துரோகி என்றவர்கள் இருந்தார்கள். அவன் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அதற்காக, வியட்நாம் விவசாயி மீது துப்பாக்கி தூக்கியதைச் சரி என்றும் சொல்ல மாட்டோம். வயிறு ஒரு கொடியைப் பிடித்தது, மனசு இன்னொரு கொடியைப் பிடித்தது.

புதுச்சேரியின் மூன்று பெரிய பஞ்சாலைகளும் 2020-க்குள் மூடப்பட்டுவிட்டன. சங்கு ஊதுவதில்லை. அந்த வாசலில் நின்றால் கல் வளையம் எதுவும் திறக்காது, பூட்டுதான் தொங்கும். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம்மைக் காட்டிலும் அவர்கள் பதில் சொல்வதுதான் பொருத்தம். அதோ, பின்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்குகிறார். முன்னே வாருங்கள் ஐயா, நாற்காலியைப் போடுங்கள் தோழர்களே.