உறுப்புத் தானமும் ஏழையின் உரிமையும்



இறந்தவரின் உறுப்புகளால் பிறரை வாழவைக்கும் பணியில் இந்தியாவுக்கே முன்மாதிரியென்று பெயரெடுத்தது தமிழ்நாடு. ஒரு காலத்தில் வறியவர் கடனை அடைக்கத் தம் சிறுநீரகத்தை விற்ற மாநிலம் அது. 1994இல் இந்தியப் பாராளுமன்றம் அவ்விற்பனையைக் குற்றமாக்கியது. 2008இல் மாநில அரசாங்கமே முன்வந்து, மூளைச்சாவடைந்தோரின் உறுப்புகளை வரிசைப்படி பங்கிடத் தொடங்கிற்று. 2023 முதல் கொடையாளியின் உடலுக்கு அரசாங்க மரியாதையும் உண்டு. இவையெல்லாம் போற்றத்தக்கவையே.

ஆயினும் அந்த வரிசை எங்கே தொடங்குகிறது? நோயாளியின் பெயரை வைத்தியசாலைதான் பதியவேண்டும். எந்த வைத்தியசாலை பதியும்? மாற்றுச் சிகிச்சை செய்யவல்ல வைத்தியசாலையே பதியும். எடுத்த இருதயத்தைச் சில மணி நேரத்துக்குள் பொருத்தியாகவேண்டும். நள்ளிரவானாலும் சத்திரசிகிச்சைக் கூடமும், பயின்ற வைத்தியர் குழுவும், தீவிர சிகிச்சைக் கட்டிலும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இவ்வசதிகள் பெரும்பாலும் தனியார் வைத்தியசாலைகளிலேயே குவிந்துகிடந்தன. கட்டணத்துக்கு வழியில்லாதவன் வரிசையின் கடைசியில் நிற்கவில்லை, வரிசையிலேயே இல்லை!

விளைவு யாது? 2017இல் தமிழ்நாட்டில் நடந்த இருதய மாற்றுச் சிகிச்சைகளில் ஏறத்தாழக் காற்பங்கும், நுரையீரல் மாற்றுச் சிகிச்சைகளில் மூன்றிலொரு பங்கும் பிறநாட்டவர்க்கே கிடைத்தனவென்று 2018இல் கணக்கு வெளியாயிற்று. "பொருத்தமான இந்தியர் எவரும் இல்லாதபோதே பிறநாட்டவர்க்குக் கொடுத்தோம்" என்று அதிகாரிகள் சமாதானம் கூறினர். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பொருத்தமான இந்தியர் இல்லையா, அன்றிப் பணம் கட்டக்கூடிய இந்தியர் இல்லையா? இவ்வினாவுக்கு விதிப் புத்தகத்தில் விடையில்லை. பிறநாட்டு நோயாளியின் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் உயிருக்குப் போராடி வந்தவரே.

சிறுநீரகத்தின் கதை சற்று வேறு. அதற்குக் கால அவகாசம் அதிகம். அரசாங்க வைத்தியசாலைகளும் நெடுங்காலமாக அச்சிகிச்சையைச் செய்துவருகின்றன. ஆகவே ஏழைக்கும் பங்கு கிடைத்தது. பொது வைத்தியசாலைக்கு ஆற்றல் இருந்த இடத்தில் நீதியும் இருந்தது என்பதை இங்கே கவனியுங்கள். அங்கும், பொருத்திய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்து உட்கொள்ளவேண்டும். அம்மருந்தை இலவசமாகக் கொடாவிட்டால் சத்திரசிகிச்சை செய்தும் பயனென்ன?

எமது நாட்டிலும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்துக்கு இடமளிக்கிறது. வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோயால் நலிவோரில் மிகப் பலர் கமக்காரரே. ஆதலால், வாக்குக் கேட்டு உங்கள் படலைக்கு வருவோரிடம் தானத்தின் மகிமையைப் பற்றிக் கேளாதீர்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கென எத்தனை கட்டில்கள், எத்தனை வைத்தியர்கள், மருந்துக்கு எவ்வளவு பணம் என்று கேளுங்கள்.