குதிகால் எழும் நடை



ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒஸ்லோவின் மெட்ரோ ரயிலில் நிற்க இடம் கிடைப்பது கஷ்டம். பெட்டி முழுக்க ஆளுயரப் பலகைகள் ஜோடி ஜோடியாக நிற்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு தாத்தா பாட்டிகள், அலுவலகம் போகிறவர்கள், ஆறு வயதுப் பிள்ளைகள். ஒன்றாம் எண் வண்டி வளைந்து வளைந்து மேலேறி, கடல் மட்டத்திலிருந்து 469 மீட்டர் உயரத்தில் உள்ள ஃப்ரோக்னர்செட்டரன் நிலையத்தில் நிற்கிறது. கதவு திறந்ததும் எல்லோரும் இறங்கி, பலகையைப் பனியில் போட்டு, காலணியின் முனையை அதில் மாட்டிக்கொண்டு நூர்மார்க்கா காட்டுக்குள் மறைந்துவிடுகிறார்கள். 1973 டிசம்பரில், எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வார இறுதியில் கார் ஓட்டத் தடை இருந்தபோது, நார்வே மன்னர் ஐந்தாம் ஒலாவும் இதே பாதையில்தான் ரயிலேறிப் போனார். ஸ்கீ உடையில் டிக்கெட்டுக்குப் பணம் நீட்டும் அவருடைய புகைப்படத்தை அறியாத நார்வேக்காரர் குறைவு.

லாங்ரென் என்று அவர்கள் சொல்லும் இந்த நெடுந்தூரப் பனிச்சறுக்கு, வெயில் நாட்டிலிருந்து போகிறவர் முதன்முதலாகத் தொட்டுப் பார்க்க ஏற்றதுதானா? தாராளமாக ஏற்றது. நார்வேயின் குளிர்கால வழக்கங்களில் முதலிடம் தரவேண்டியதும் இதற்குத்தான்.

ஸ்கீ என்று நாம் எழுதுவதை அவர்கள் 'ஷீ' என்று உச்சரிக்கிறார்கள். பழைய நோர்ஸ் மொழியில் அதற்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். அந்த மரத்துண்டை இன்றைய கலையாக மாற்றியவர்களில் முதல் பெயர் சோன்ட்ரே நூர்ஹைம். டெலமார்க் மாவட்டத்தில் மூர்கெடால் என்ற ஊரில் 1825-இல் பிறந்த ஏழைக் குடியானவர். அதுவரை காலணியின் முன்பகுதியை மட்டும் ஒரு வார் பிடித்திருக்கும். குதித்தால் பலகை கழன்றுவிடும். அவர் மரத்தின் மெல்லிய வேர்களையும் கிளைகளையும் முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். கால் பலகையோடு நின்றது, குதிகாலும் தாராளமாக மேலே எழுந்தது. 1868-இல், தமது 42-ஆவது வயதில், அன்று கிறிஸ்தியானியா எனப்பட்ட ஒஸ்லோவில் நடந்த போட்டியில் அவர் வென்றார். அதே மூர்கெடாலைச் சேர்ந்த ஒலாவ் பியோலான், 1911 டிசம்பர் 14 அன்று துருவப் பயணி அமுண்ட்செனோடு தென்துருவத்தில் நின்ற ஐவரில் ஒருவர்.

குதிகால் எழுவதில்தான் இந்தக் கலையே இருக்கிறது. மலைச்சரிவில் வேகமாக இறங்கும் ஆல்பைன் சறுக்கில் குதிகாலைப் பலகையோடு பூட்டிவிடுவார்கள். மேலே ஏற இழுவை வண்டி வேண்டும், அதற்கு நாள் கட்டணமும் உண்டு. லாங்ரென்னில் நாமே நடக்கிறோம். அது நடையின் நீட்சி. நடக்கத் தெரிந்தவருக்குப் பாதி வித்தை ஏற்கெனவே கைவசம்.

மீதிப் பாதியைப் பலகையே சொல்லித்தரும். ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், நடுப்பகுதி வில்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு பலகை மீதும் சமமாக நிற்கும்போது நடுப்பகுதி பனியை அழுத்தாது. அடியில் ஒரு தாளை நுழைத்தால் அது சுலபமாக நகரும். உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரே காலுக்கு மாற்றினால் வில் தட்டையாகி, தாள் சிக்கிக்கொள்ளும். அந்த நடுப்பகுதியில்தான் பிடிமெழுகு தேய்க்கிறார்கள். அழுத்தும் கணத்தில் பனித்துகள்களின் முனை மெழுகில் பதிந்து பிடிக்கிறது, உந்த முடிகிறது. பாரம் மற்றக் காலுக்குப் போனதும் பிடி விட்டுப் பலகை வழுக்குகிறது. குளிருக்கேற்ப மெழுகும் மாறும்: கடுங்குளிருக்குப் பச்சை, மிதமான குளிருக்கு நீலம். புதியவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். அடியில் ரோமப்பட்டை ஒட்டிய பலகைகள் கிடைக்கின்றன. பட்டையின் மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னே போகும், பின்னே வழுக்காது.

முதல் நாள் புதியவர் செய்யும் தவறு ஒன்றுதான். பயத்தில் இரண்டு காலிலும் சமமாக நிற்பார். அப்போது பிடியும் இல்லை, சறுக்கும் இல்லை. கைக்கோல்களால் தள்ளித் தள்ளித் தோள் வலி மட்டும் மிச்சம். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் முதலில் கோல்களை வாங்கி வைத்துவிடுகிறார்கள். கோல் இல்லாமல், ஒரு காலில் முழுசாக நின்று, மறுகாலுக்கு மாறி, அரை மணி நேரம் போய்வரச் சொல்கிறார்கள். எங்கோ ஓரிடத்தில் பலகை தானாக ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போகும். அதைக் கண்ட முகத்தில் வரும் சிரிப்பு, சைக்கிளில் பின்னால் பிடித்தவர் கையை விட்டதைக் கண்டுகொண்ட குழந்தையின் சிரிப்பு.

விழத்தான் வேண்டியிருக்கும். இறக்கத்தில் முனைகளைச் சேர்த்து வால்களை விரித்துக் கலப்பைபோல் உழுது வேகத்தைக் குறைக்கலாம். அது பழகும்வரை ஓரமாக இடுப்பைத் தாழ்த்தி உட்காருவதே பாதுகாப்பு. எழும்போது முதலில் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாகக் கொண்டுவந்து, மண்டியிட்டு, பிறகு நிற்க வேண்டும். பலகைகள் கீழ்நோக்கிப் பார்த்திருந்தால் எழுந்த நொடியே மறுபடி கிளம்பிவிடும். விழுந்தவர் எழுந்ததும் தாம் உண்டாக்கிய பள்ளத்தைத் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போவது நல்ல பழக்கம். பின்னால் வருகிறவர் அதில் இடறக்கூடாது.

குளிரை நினைத்து அஞ்சுகிறவர்கள் உண்டு. உண்மையில் பத்து நிமிடத்தில் வியர்க்கிறது. ஆபத்தும் அந்த வியர்வையில்தான். பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நின்ற மாத்திரத்தில் உடம்பைச் சில்லிடச் செய்யும். ஆகவே தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, வெளியே காற்றுத் தடுக்கும் சட்டை, முதுகுப்பையில் உட்கார்ந்திருக்கும்போது போட ஒரு தடித்த மேலுடை. கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. பையில் ஆரஞ்சுப் பழமும் 1937 முதல் விற்கும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் இல்லாமல் ஈஸ்டர் விடுமுறைக்குப் பனிக்குப் போவது அந்த நாட்டில் அபூர்வம்.

மற்ற விளையாட்டுகளும் உண்டு. ஃப்ரோக்னர்செட்டரனிலிருந்து இறங்கும் கோர்க்கெட்ரெக்கரன் சறுக்குவண்டிப் பாதை ஏறத்தாழ 2,000 மீட்டர் நீளம். கீழே போய்ச் சேர்ந்ததும் ரயிலேறி மறுபடி மேலே வரலாம். ஒரு மாலைக்கு அருமை, ஆனால் கற்க அதிகமில்லை. உறைந்த ஏரியில் நடப்பது அப்படியல்ல: உறுதியான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் இல்லாவிட்டால் கால் வைக்கக்கூடாது, துணையின்றியும் போகக்கூடாது.

நார்வேக்காரர்களின் மலை விதிகளில் எட்டாவது, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. பெரிய மலையேறிகளுக்கும் முதல் நாள் புதியவருக்கும் அதே விதி. வீரத்தை இவ்வளவு கொண்டாடும் நாடு, திரும்பி வருவதற்கும் அதே மரியாதை தருவது மனதைத் தொடுகிறது.

அந்த நாட்டில் தமிழரும் இருக்கிறார்கள். வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்து வாழ்க்கையைத் தொடங்கிய ஈழத்தமிழர் பலர். பனியில் நிற்கத் தாம் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். அங்கே வளர்ந்த பிள்ளைகளோ பள்ளியின் ஸ்கீ நாளில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

புதியவருக்குச் செலவு பெரிய தடையாக இருக்கவேண்டியதில்லை. பூஆ என்ற அமைப்பின் கிளைகள் நாடெங்கும் ஸ்கீ, காலணி, கோல்களை இலவசமாக இரவல் தருகின்றன. 1957-இன் வெளிப்புறப் பொழுதுபோக்குச் சட்டப்படி காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், சறுக்கலாம்; நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒஸ்லோவைச் சுற்றி 1883-இல் தொடங்கிய ஸ்கீ சங்கம் பனியைச் சீராக்கும் வண்டிகளால் இரட்டைத் தடம் போட்டு வைக்கிறது. மரங்களில் சிவப்பு அடையாளம் குளிர்காலப் பாதைக்கு, நீலம் கோடைக்கு.

நேயர்களில் யாரேனும் பிப்ரவரியில் அங்கே போக நேர்ந்தால், விளக்குப் போட்ட சமதளப் பாதையாகத் தேர்ந்தெடுங்கள், முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காலையில் சீக்கிரம் போங்கள். அப்போது தடம் கலையாமல் இருக்கும்.