நம் உடலின் தனிமங்களும் நம் ஊரின் நீரும்



மனித உடல் எவற்றால் ஆனது? ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்னும் நான்கு தனிமங்களே உடல் எடையில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு என விஞ்ஞானம் கூறுகிறது. எலும்பிலும் பல்லிலும் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம். குருதியிலும் பிற உறுப்புகளிலும் சுமார் 4 கிராம் இரும்பு. இக்கணக்கில் மேல்சாதி உடல், கீழ்ச்சாதி உடல் என்னும் பாகுபாடு இல்லை. ஆயினும், நஞ்சு எவர் உடலில் சேர்கிறது என்னும் கணக்கில் அப்பாகுபாடு உண்டு.

தாம்பரத்தில் ரயிலேறினால் சானடோரியத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் அமைந்த பெயர் அது. குரோமியம் ஒரு தனிமம். தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமிய உப்பு மூன்று இணைதிறன் உடையது; கேடு குறைந்தது. ஆறு இணைதிறன் பெற்றாலோ அதுவே கொடிய நஞ்சு. சல்பேட்டை ஒத்த வடிவினதாகையால், சல்பேட்டுக்குரிய வழியிலேயே உயிரணுவினுள் புகுந்துவிடுகிறது. தோலில் ஆறாப் புண்ணும், மூக்கின் நடுச்சுவரில் துளையும், சுவாசித்தால் நுரையீரற் புற்றும் விளைவிக்கவல்லது. தோல் துணுக்குகளை எரிப்பதாலும் இம்மாற்றம் நிகழும்.

குடிநீரில் குரோமியத்திற்கு நம் நாட்டுத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்; அதாவது 20,000 லிட்டருக்கு ஒரு கிராம். குரோம்பேட்டை, நாகல்கேணி வட்டாரத்து நிலத்தடி நீரில் இவ்வரம்பை மீறிய குரோமியத்தை ஆய்வாளர் கண்டுள்ளனர். ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று, வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது.

தோல் தொழிலை இழிதொழில் என்று கூறி நம் முன்னோர் தலையில் சுமத்தினர். ஊதியம் சிறிது, இலாபம் பிறருக்கு, கழிவு மட்டும் நம் கிணற்றுக்கு!

ஆதலின் இளைஞர்களே, உங்கள் தெருக் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் பரிசோதனைக் கூடத்திற்கு எடுத்துச் சென்று, குரோமியத்திற்கென்றே சோதிக்கச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் அகலாது. முடிவை எழுத்தில் பெற்று, மனுவோடு இணையுங்கள். வேதியியல் பயிலுங்கள். சோதிப்பவராகவும், முடிவைப் படித்து வாதாடுபவராகவும் நம்மவர் வர வேண்டும். நாம் கல்விக் கழகம் நடத்துவதன் பொருளும் அதுவே.